எந்த வருஷத்துச் சாமான்

இடித்த வீட்டிலிருந்து வந்தது அந்தச் சாக்கு.
ராயபுரம், மணியக்காரச் சத்திரத் தெரு,
மாடியில் மூன்று குடும்பம், கீழே பூட்டியே கிடந்த அறை.
தேசப்பன் தராசில் தூக்கி வைக்கப் போனான்:
"அலுமினியம்க்கா. மூணு கிலோ தேறும்."
நான் கையைக் குறுக்கே நீட்டினேன்.

பழைய வண்ணாரப்பேட்டையில் காயலாங்கடை வைத்திருப்பவளுக்கு
வேக்குவம் கிளீனர் தெரியாதென்றுதான்
கீழ்ப்பாக்கத்து ரங்கபாஷ்யம் முதலில் நினைத்தார்.
இன்ஷூரன்ஸில் ரிட்டயர் ஆனவர்.
வீட்டில் நாற்பத்தோரு மிஷின்;
பெருக்குவதென்னவோ துடைப்பத்தால்.
அவருக்கு வேண்டியது உதிரி, உதிரியோடு வருஷம்.
வருஷம் தெரியாத சாமானுக்கு எடை போட்டுத்தான் காசு.

ஆகவே தெரிந்துகொண்டேன்.
கறுப்புப் பிடியைக் கட்டைவிரலால் சூடேறத் தேய்த்து முகர்ந்தால்
ஆஸ்பத்திரித் தரைபோல ஒரு நெடி வரவேண்டும்,
வந்தால் பேக்கலைட்.
ஒயருக்குத் துணிச்சட்டை இருந்தால் இன்னும் நல்லது.
திருகாணித் தலையில் ஒற்றைக் கோடா, கூட்டல் குறியா?
கூட்டல் என்றால் கையை விரித்துவிடுவேன்:
சமீபம் சார், எங்கம்மா கல்யாணத்துக்கு அப்புறம்.
நம்பர் தேய்ந்த தகட்டில் சாக்பீஸ் தூள் தடவி
டார்ச்சைப் படுக்கவைத்து அடிக்க வேண்டும்.
பைக்குள் மிஞ்சின தூசியும் சாட்சி சொல்லும்.
கரித்தூள் கலந்திருந்தால்
பேசின் பிரிட்ஜ் புகை விட்ட காலம்.

சாக்கில் இருந்தவை:
சோபா இடுக்குக்குப் போகும் சப்பை மூக்கு.
குதிரைமயிர் பிரஷ், பாதி எலி தின்றது.
மூடியில் குழாய் வைத்த கண்ணாடிக் குப்பி;
காற்றைத் திருப்பி விட்டால் பெயிண்ட் பீய்ச்சும்.
அப்புறம் அது.
உள்ளங்கை அகல டப்பா,
அடியெல்லாம் ஓட்டை, இடியாப்ப அச்சுபோல,
கழுத்தில் மாட்டிக்கொள்ள இரண்டு காது.

காபி ஃபில்டர் என்றான் தேசப்பன்.
எதிர்க்கடை ஷாஹிதா திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு
டீயை மட்டும் குடித்துவிட்டுப் போனாள்.
மூன்று நாள் கல்லாமேல் கிடந்தது.
நாலாம் நாள் மழை.
ஈரத்தில் கடைக்குள் கிளம்பியது
பட்டுப்புடவைப் பெட்டியைத் திறந்தாற்போல ஒரு வாசம்.

அந்துருண்டை!
உள்ளே போட்டு ஊதவிட்டால்
கம்பளிக்குள் மெத்தைக்குள் ஏறும் மருந்து.
இந்த வெயிலில் கம்பளி யாருக்கு என்று கேட்காதீர்கள்.
மிஷினோடு வந்ததையெல்லாம் வாங்கிப்போட்ட ஆள் யாரோ.

ரங்கபாஷ்யம் நனைந்துகொண்டே வந்தார்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். கை நடுங்கிற்று.
"வருஷம்?"

அங்கேதான் இடித்தது.
டப்பா ஒரு காலம்.
காதை இறுக்கும் திருகாணி இன்னொரு காலம்:
காசிமேட்டுப் படகுப் பித்தளை,
எவனோ லேத்தில் கடைந்து சேர்த்தது.
காற்று கசியாமல் உள்ளே ஒரு வளையம், நீலம்,
எந்தக் கம்பெனிப் புத்தகத்திலும் இல்லாத நீலம்.
ஹவாய்ச் செருப்பு.

"மூணு வருஷம் இருக்கு சார். எது வேணும்?"

அவர் சிரிக்கவில்லை.
குண்டூசியால் வளையத்தை நெம்பி எடுத்து
"ஒரிஜினல் இல்லை" என்று வாசலில் போட்டார்.
டப்பாவைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டார்.
சீட்டில் முதல் வருஷத்தை எழுதி
பக்கத்தில் 'சுமார்' என்று போட்டேன்.
அந்தச் சுமாருக்கு நூறு ரூபாய் பிடித்துக்கொண்டார்.

ஆட்டோ திரும்பியதும்
வளையத்தை எடுத்துச் சேறு துடைத்தேன்.
ஒரு பக்கம் விரல் தடிமன், மறுபக்கம் காகிதம்.
குதிகாலிலிருந்து வெட்டியிருக்கிறது.
என் செருப்பைக் கழற்றி
அடியில் ஓடும் வரிக்கு வரி பொருத்திப் பார்த்தேன்.
வலது கால் என்றால் வெளியே சாய்கிற நடை,
இடது என்றால் உள்ளே.

தேசப்பன் ஷட்டரை இழுக்க வந்தபோது
நான் ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தேன்.